ஆற்றில் இறங்கிய இரும்புச் சக்கரம்

என் அண்ணன் ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே, ஆரணி ஆற்றங்கரையில் பிறந்தார். போன ஆண்டு அதே கரையில் கண்மூடினார். இடையில் அவர் பட்டது கொஞ்சமல்ல. அதில் ஒரு நாளை நான் கண்ணால் கண்டவள். அதை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணன் உழவு மாட்டை விற்று, நிலத்தை அடமானம் வைத்து, திருவள்ளூர் பக்கம் ஒருவரிடம் பழைய டிராக்டர் வாங்கினார். நம் வயல் சேற்றுக்கு ஏற்றது என்று இரும்புச் சக்கரம் மாட்டியதையே தேடி வாங்கினார். சேற்றை நினைத்தவர் தார் ரோட்டை நினைக்கவில்லை. இரும்புச் சக்கரத்தை ரோட்டில் விடமாட்டார்களே! லாரி பிடித்தார். கையில் மிச்சமிருந்தது எல்லாம் அந்த வாடகைக்கே போயிற்று.

லாரி அக்கரையில் வந்து நின்றது. ஊரே மணலில் நடந்து வேடிக்கை பார்க்கப் போனோம். ஓட்டுநர் இறங்கி மணலை மிதித்துப் பார்த்தார்.

“எறங்குனா என் வண்டி பொதைஞ்சிடும் நைனா. பாலம் சுத்திக்கினு வரணும்னா இன்னொரு வாடகை ஆவும்.”

ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. வெள்ளம் வந்தால் நடவு தப்பும், அடமான நிலமும் கைவிட்டுப் போகும். அந்த இன்னொரு வாடகைக்காக நான் காதுத் தோட்டைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினேன்.

“உன் காதை மொட்டையாக்கிட்டு எனக்கு இன்னா டிராக்டரு? போடும்மா மொதல்ல.”

பலகை போட்டு டிராக்டரை இறக்கினார்கள். அண்ணன் ஏறி ஆற்றில் விட்டார். நாங்கள் முன்னே நடந்து எங்கள் கரைக்குத் திரும்பினோம். நடு ஆற்றில் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு புதைந்தது. எஞ்சின் அணைந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகி முழங்காலுக்கு ஏறியது.

“அண்ணே, வந்துடு! இரும்பு போனா போவுது!” என்று கத்தினேன்.

“கத்தாத. கயிறு கொண்டாரச் சொல்லு!”

அவர் இறங்கவே இல்லை.

‘மாட்டை வித்து இரும்பைக் கட்டிக்கினவன்’ என்று அண்ணனை ஊரெல்லாம் கேலி செய்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவர்தான் முதலில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

“வித்தது உன் மாடுதானே தம்பி? என் மாடு இருக்குது இல்ல?”

பின்னாலேயே இன்னும் இரண்டு வீட்டு மாடுகள் வந்தன. லாரி ஓட்டுநர் தன் வடக்கயிற்றைக் கொடுத்து, தானும் இறங்கித் தள்ளினார். தண்ணீர் அண்ணனின் இருக்கையைத் தொட்டபோது டிராக்டர் எங்கள் கரை ஏறியது. திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நடந்துபோன மணலைக் காணவில்லை.

“லாரி அந்தாண்ட, நான் இந்தாண்ட. இதுக்கு இன்னா வாடகை நைனா?” என்றார் ஓட்டுநர். வெள்ளம் வடியும்வரை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

மாடு கொடுத்த மூன்று வீட்டு வயலையும் உழுத பிறகே அண்ணன் தன் வயலில் இறங்கினார். அந்த வீடுகளில் கடைசிவரை உழவுக் கூலி வாங்கியதில்லை. போன ஆண்டு அவரைச் சுமந்து சென்றதும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

அவர்களுக்கும், நோயில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், இன்று அவர் நினைவு நாளுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் கைகூப்புகிறேன். கூப்பும்போது என் காதைப் பாருங்கள். அண்ணன் திரும்பப் போடச் சொன்ன தோடு அங்கேயே இருக்கிறது.