வரணி வீதியில் மாமாவின் துவக்கு

காலை ஏழரைக்கு மருதனார்மடத்தில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி மாறி, கொடிகாமத்தில் இன்னொரு தரம் மாறி, வரணியில் மாமி வீட்டுப் படலையைத் திறக்கும்போது பத்து மணி கடந்துவிட்டது. மாமாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, முந்தினநாள்தான் கீரிமலையில் முடிந்தது. அன்று இரவே மாமி தொலைபேசியில் சொல்லிவிட்டா.

"தம்பி, அந்தத் துவக்கைப் பொலிஸ் ஸ்டேசனிலை குடுத்திட்டு வா. அது கிடக்கிற அறைக்குள்ளை போகவே பயமாக் கிடக்கு."

தென்னையில் குரங்குத் தொல்லை என்று மாமா அனுமதி எடுத்து வைத்திருந்த சொட்கன் துப்பாக்கி அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அனுமதிப் பத்திரத்தில் கடைசித் திகதியை மட்டும் தேடிப் பிடித்து வாசித்தேன். வருடக் கடைசிவரை செல்லும் என்று இருந்தது. அந்தத் தைரியத்தில் துவக்கைப் பழைய பாயில் சுற்றிக் கட்டி, கொடிகாமம் ஸ்டேசனுக்கு ஆயிரம் ரூபா பேசி ஓட்டோவில் ஏறினேன்.

வரணியிலிருந்து கொடிகாமம் ஏழு கிலோமீற்றர் வரும். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் பனைகள். ஓட்டோக்காரத் தம்பி ரூபன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, பாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்? பொம்பிளை வீட்டுச் சீதனமோ?"

"மாமான்ரை துவக்கு. லைசென்ஸ் இருக்கு."

ஓட்டோ வயற்கரையில் நின்றது.

"ஆற்றை பேரிலை?"

"மாமான்ரை பேரிலை."

"மாமா எங்கை?"

"போன மாசம் மோசம் போயிட்டார்."

"அப்ப லைசென்சும் அவரோடை போயிட்டுது அண்ணை. உதை நீங்கள் தூக்கினதே பிழை. நான் ஏத்தினது அதைவிடப் பிழை. என்ரை மச்சான் லைசென்ஸ் இல்லாத கட்டுத்துவக்கோடை பிடிபட்டு இன்னும் கோட்டுக்கு அலையிறான். வண்டியைக் கொண்டுபோனாங்கள் எண்டால் என்ரை பிள்ளையளுக்கு நீங்களோ சோறு போடுவியள்?"

முன்னே போனாலும் குற்றம், திரும்பிப் போனாலும் அதே குற்றம். வயலுக்குள் எறிந்தால் அதைவிட மோசம். கடைசியில் ரூபன்தான் ஸ்டேசனுக்கு அழைப்பு எடுத்தான். நின்ற இடத்திலேயே நிற்கட்டாம். பொதியைத் தொடக்கூடாதாம். ஆட்கள் வருகிறார்களாம்.

பாயைப் புல்லில் வைத்துவிட்டு இருவரும் தள்ளி நின்றோம். சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, "பாய் விக்கிறியளோ?" என்று குனிந்தா.

"வித்து முடிஞ்சுது அக்கா, நீங்கள் போங்கோ" என்றான் ரூபன்.

பதினொன்றரைக்குப் பொலிஸ் வந்தது. சிங்களச் சார்ஜன் ஒருவர், தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவர். சார்ஜன் துவக்கின் குழலை மடக்கித் திறந்து பார்த்தார். உள்ளே தோட்டா இல்லை. அவர் கேட்டதைத் தமிழ்ப் பொலிஸ்காரர் சொன்னார்:

"ஆள் செத்து ஒரு மாசம். இவ்வளவு நாளும் ஆற்றை பொறுப்பிலை இருந்தது?"

மாமி என்று சொன்னால் மாமியைப் பிடிப்பார்கள். "வீட்டிலை இருந்தது" என்றேன்.

"வீடு பேர் எழுதிக் கையெழுத்து வைக்குமோ?"

எல்லோருமாக வரணிக்குத் திரும்பினோம். படலையில் பொலிஸைக் கண்டதும் மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தா.

"நான்தான் வைச்சிருந்தனான். அந்தியேட்டி முடியாமல் அவரின்ரை சாமான் ஒண்டையும் வெளியிலை எடுக்கிறேல்லை. அதுதான் அறிவிக்கேல்லை."

தமிழ்ப் பொலிஸ்காரர் அதைச் சார்ஜனுக்கு மொழிபெயர்த்தார். வேறு ஏதும் இருக்கிறதா என்று சார்ஜன் கேட்டார். மாமி அலுமாரியைத் திறந்து தோட்டாப் பெட்டியை நீட்டினா. வாக்குமூலம் எழுதி, துவக்கையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டார்கள். மரணச் சான்றிதழோடு திங்கட்கிழமை ஸ்டேசனுக்கு வரட்டாம். வழக்குப் போடுவதா விடுவதா என்று அங்கே பெரியவர் சொல்வாராம். ரூபனின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள், வண்டியை விட்டுவிட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களின் வீட்டில் இறந்தவரின் துவக்கு இருந்தால், தூக்காதீர்கள். அன்றைக்கே பொலிஸுக்கு அறிவியுங்கள். வந்து எடுக்கட்டும்.

மூன்று மணிக்குப் புறப்படும்போது மாமியிடம், "திங்கக்கிழமை நானே எல்லாத்துக்கும் பொறுப்பெண்டு சொல்லுறன்" என்றேன்.

"நீ தூக்கினது ஒரு மணித்தியாலம். நான் வைச்சிருந்தது ஒரு மாசம். பொய் சொல்லி ரெண்டு பேரும் உள்ளுக்குப் போறதே? நீ கூட வந்து பக்கத்திலை இரு, அதுவே காணும்."

மருதனார்மடச் சந்தியில் இறங்கியபோது சந்தை வழமைபோல இரைந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை இதே பஸ்ஸில் மறுபடியும் போகவேண்டும். ஸ்டேசனிலிருந்து திரும்பும்போது மாமி வரணியில் இறங்குவாவா, அங்கேயே வைத்துக்கொள்வார்களா என்றுதான் யோசனையாக இருக்கிறது.