எவரிஸ்தோவின் நகங்கள்

ஸ்பெயினில் எங்கள் தெருயெல் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: “லெயாந்த்ரோவா? கண்ணை மூடிட்டுக் கேட்டா செத்துப்போன அண்ணனே வாசிக்கிற மாதிரி இருக்கும்!” பாராட்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தேழு வயது மனிதனுக்குத் தன் கிடாரில் தன்னுடையது என்று ஒரு நாதம் இல்லாமல் போய்விட்டது, அதைப் போய் யாராவது பாராட்டுவார்களா? அது போனதற்குக் காரணம் நான்தான். நான் காசில்தா, அந்தச் செத்துப்போன அண்ணனின் மனைவி. திட்ட நினைக்கிறவர்கள் இப்போதே திட்டிவிட்டு மேலே கேளுங்கள்.

என் மாமனார் சலூன் வைத்திருந்தார். காத்திருக்கிற ஆட்களுக்குப் பொழுது போக வேண்டுமென்று எல்லா சலூன்களிலும் போல அங்கேயும் சுவரில் ஒரு கிடார் தொங்கும். அதைப் பிடுங்கிப் பிடுங்கி வாசித்தே அண்ணனும் தம்பியும் வளர்ந்தார்கள். வலென்சியாவில் முறையாகப் படித்துவிட்டு இருவரும் ஜோடியாகக் கச்சேரிக்குப் போனார்கள். இடது பக்க நாற்காலி என் கணவர் எவரிஸ்தோவுக்கு, பாட்டின் மேல் குரல், அதாவது மெட்டை எடுத்து வாசிப்பது, அவருடையது. வலது பக்கம் உட்கார்ந்து கீழ்க் குரலைத் தாங்குகிறவன் லெயாந்த்ரோ.

அந்த வீட்டில் வலது கை நகம் என்றால் குழந்தை மாதிரி. கம்பியைத் தொடுவது நகம்தானே, அதை எப்படி அராவியிருக்கிறதோ அப்படித்தான் நாதம் வரும். எவரிஸ்தோவுக்குத் தடித்த நகம், ஒரு பக்கமாகச் சரித்து அராவிக்கொள்வார். கேட்டால் நெஞ்சுக்குள் இளஞ்சூடாகத் தேன் ஊற்றுகிற மாதிரி இருக்கும். லெயாந்த்ரோவுக்கு மெல்லிய, நுனி வளைந்த நகம். “டேய், நீ வாசிக்கிறியா, கொண்டைக்கடலை வறுக்கிறியா?” என்று இவர் சீண்டுவார். “கடலை இல்லாம வெறும் தேனை எவன் நக்குவான்?” என்பான் அவன். நகம் உடைந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட மாட்டார்கள், மறுபடி ஒட்டிக்கொள்ள உதவும். எவரிஸ்தோ தன் துண்டுகளை இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தார்.

ஒரு பிப்ரவரி மாதம், சரகோசாவிலிருந்து வருகிற பேருந்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம். உடலைக் கழுவித் துடைத்து, கைகளில் ஜெபமாலை சுற்றினேன். வலது கை நகங்கள் மட்டும் நீளமாக, பார்க்க என்னவோ போல இருந்தன. சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்களே என்று ஒவ்வொன்றாக வெட்டிவிட்டேன். உள்ளே வந்த லெயாந்த்ரோ அந்தக் கையைப் பார்த்ததும் கத்திய கத்தலில் தெருவே திரும்பியது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி! கிடார் வாசிக்கிறவனை நகம் வெட்டியா அனுப்புவாங்க? அங்க போய் என்னத்தை வச்சு வாசிப்பான்?”

வெட்டிய நகங்களைப் பொறுக்கி அந்த மிட்டாய் டப்பாவில் போட்டேன். இவரை அனுப்பிவிட்டு வந்த பிறகும் அவன் கேட்டது காதில் அறைந்துகொண்டே இருந்தது.

எட்டு மாதம் லெயாந்த்ரோ கிடாரைத் தொடவில்லை. பிறகு ஊர் மன்றத்தில், சாயங்காலம், முதல் முறையாகத் தனியாக வாசிக்க ஒப்புக்கொண்டான். அன்று காலை பார்த்து என் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாடிக்கு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவன், வாசலில் இறக்கும்போது ஆட்காட்டி விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் அடியோடு உடைத்துக்கொண்டான். துண்டுகள் படிக்கட்டில் எங்கே விழுந்தனவோ, கிடைக்கவே இல்லை.

நான் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

“செத்தவன் நகத்தையா?” என்று பின்னால் நகர்ந்தான்.

“உன் அண்ணன்தானேடா, ஊரான் வீட்டுப் பிணமா? ஒட்டிக்கோ.”

ஒட்டிக்கொண்டான். சாயங்காலம் மன்றத்தில் முதல் சுரம் விழுந்தபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மேடையில் இருந்தவன் லெயாந்த்ரோ, நெஞ்சில் வந்து இறங்கியது எவரிஸ்தோ. எனக்கு முன்னால் இருந்த ரொட்டிக்கடைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். நானோ கண்ணை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். துக்கமில்லை, சந்தோஷம். மறைப்பானேன், என் மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவன் நகம் வளர்ந்துவிட்டது. நான் விட்டேனா? அதை வெட்டிவிட்டு அண்ணனுடையதையே ஒட்டிக்கொள்ளச் சொல்லி டப்பாவை அவனிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் போய் நிற்பேன். “டப்பா பத்திரமா இருக்கா?” என்பேன். “இருக்கு அண்ணி” என்பான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அவனுக்குப் பெயர் வந்தது, பில்பாவோ, லிஸ்பன் என்று அழைப்பு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எவரிஸ்தோ மாதிரியே வாசிப்பதற்கு முன் தொண்டையைச் செரும ஆரம்பித்தான். மேடையில் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போடச் சொல்வான். உட்காரும்போது தன் வலது நாற்காலியில் உட்காராமல் இடது பக்கத்து நாற்காலியில் உட்காருவான். எனக்கு அது தப்பாகவே படவில்லை, பாருங்கள்.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. போன வசந்தத்தில் மாட்ரிடிலிருந்து இசைத்தட்டு போடுகிற ஓர்த்துன்யோ வந்தார். எவரிஸ்தோ தனியாக வாசித்த ஒரே இசைத்தட்டைப் போட்டவர் அவர்தான். லெயாந்த்ரோ வாசித்தது இதுவரை ஒரு தட்டில்கூட இல்லை. என் சோப்புக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, இரண்டு பாட்டுக் கேட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பிரமாதம். ஆனா இது ஏற்கனவே எங்க அலமாரியில இருக்கு தம்பி. நான் உங்க அண்ணனைத் தேடி வரல, உங்களைத் தேடி வந்தேன். நாலு மணி ரயில்ல கிளம்பறேன். அதுக்குள்ள உங்க வாசிப்பைக் கேக்க வைங்க, ஒப்பந்தம் போட்டுடலாம்.”

காபி குடிக்க அவர் வெளியே போனார். லெயாந்த்ரோ முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, “கழட்டுடா அந்த நகத்தை. இன்னிக்கு உன் நகத்துல வாசி” என்றேன்.

அவன் கையை என் பக்கம் நீட்டினான். விரலைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டும் இல்லை, பசையும் இல்லை. நகம் தசையிலிருந்தே வளர்ந்திருந்தது. ஆனால் எவரிஸ்தோவின் அதே சரிவு.

“டப்பா?”

“நாலாவது வருஷமே தீர்ந்துபோச்சு அண்ணி.”

“அப்போ இத்தனை நாளா?”

“அராவிக்கிட்டேன். தீர்ந்துபோச்சுன்னு சொல்லத்தான் அன்னிக்கு மேடை ஏறினேன். மூணாவது வரிசையில நீங்க கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்க. எப்படிச் சொல்வேன்?”

பாவி, பாவி என்று என்னைத்தான் சொல்லிக்கொண்டேன். கடையிலிருந்து புது நக அரம் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தேன். உட்கார்ந்து பழையபடி நுனியை வளைத்து அராவினான். வாசித்தான். எவரிஸ்தோ வந்தார். நகத்தை இன்னும் ஒட்ட அராவினான். அப்போதும் எவரிஸ்தோதான். நகம் மாறிவிட்டது, கை மாற மறுத்தது.

கிடாரை மடியில் படுக்கவைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“என்னோடது எப்படி இருக்கும் அண்ணி? எனக்கு மறந்துபோச்சு. நீங்கதான் எல்லாக் கச்சேரிக்கும் வந்தீங்களே, சொல்லுங்க.”

“கொண்டைக்கடலை வறுக்கிற மாதிரின்னு அவரு...”

“அது அவன் பண்ணின கேலி. நீங்க கேட்டது?”

யோசித்தேன். பதினான்கு வருடம் அந்த ஜோடியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கிடாரில் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். மற்றது அவருக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவன் வாசித்த ஒரு சுரம்கூட என் ஞாபகத்தில் இல்லை. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபமே படவில்லை, அதுதான் தாங்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கேட்கக் கேட்க, வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு அந்த நாதம் பிடிக்காமல் போனது. வழக்கம்போல இங்கேயும் அவன் பக்கத்தில் காலியாகக் கிடந்த வலது நாற்காலியைத் தட்டிக் காட்டி, வாய்விட்டே சொன்னேன்:

“ஏங்க, போதும். தம்பி வாசிக்கட்டும். நீங்க இங்க வந்து சும்மா உட்காருங்க.”

லெயாந்த்ரோவின் கை நின்றது. இருவரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் மெதுவாக ஒரு கம்பியை மீட்டினான். அதே நாதம்தான் வந்தது. நான்கு மணி ரயில் போய்விட்டது.