நேர்முகத் தேர்வில் அம்மா

முப்பத்தைந்து வயதில் கணினி வேலையை விட்டுவிட்டு மருத்துவம் படிக்க விரும்பினேன். போலந்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஒஸ்லோவில் நடத்திய நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்திருந்தது. அந்நகரின் பியோர்ண்டால் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மனைவி எதிரே அமர்ந்து, பயிற்சிக்காகக் கேள்விகள் கேட்டாள்.

"ஏன் டொக்டராக விரும்புறீங்கள்?"

சேவை, அறிவியல் ஆர்வம் என்று பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

"இது எல்லாரும் சொல்லுறதுதானே. மாமியைப் பற்றிச் சொல்லுங்கோ."

அவளுடைய மாமியான என் அம்மா அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார். இனிச் சிகிச்சை பலன் தராது என்று டொக்டர் நோர்வேஜிய மொழியில் சொன்னபோது, அதை அம்மாவுக்குத் தமிழில் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"இது அவர் சொல்லுறதோ, நீ சொல்லுறியோ?"

"அவர்தானம்மா."

அம்மா டொக்டர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொல்லில், "தக்" என்று நன்றி சொன்னார்.

நேர்முகத்தில் அதே கேள்வி வந்தது. அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அந்த நன்றிவரை வந்ததும் அழுதுவிட்டேன். எதிரே இருந்த பெண்மணி தண்ணீர்க் கிளாசை என் பக்கம் நகர்த்தினார்.

வீடு திரும்பியதும் மனைவி என் கண்களைப் பார்த்தாள்.

"அங்கை அழுதனீங்களோ?"

"ஓம்."

"செத்தவீட்டிலகூட நீங்கள் அழயில்லை."

குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

இடம் கிடைக்கவில்லை. பழைய வேலையிலேயே இருந்துவிட்டேன். பிறகு விண்ணப்பிக்கவும் மனம் வரவில்லை.