இகாவின் மேல் ஒரு நீல வட்டம்

திராட்சைப் பெட்டியின் அட்டை மூடி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் உட்புறத்தில் பெரு நாட்டின் வரைபடம்: கடலோரப் பாலைவனம், நடுவே மலைத்தொடர், அப்பால் காடு. வரைந்தவர், துபாயில் பழ இறக்குமதி அலுவலகம் ஒன்றில் என்னுடன் பணியாற்றிய யாழ்ப்பாணத்து அக்கா.

தென்னமெரிக்கக் கொள்முதல் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. அது கிடைத்தால் ஊரிலிருக்கும் மகளை இங்கே அழைத்துக்கொள்ளும் வசதி அக்காவுக்கு வந்துவிடும். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில், உணவு இடைவேளைதோறும் இருவரும் அப்பிரிவு அதிகம் வாங்கும் பெருவைப் படித்தோம். பொருளாதாரப் பட்டதாரி என்ற மிதப்பில் நான் புவியியல், வரலாறு, பொருளாதாரம் என்று மூன்று குறிப்பேடுகள் தயாரித்தேன். அக்கா மூன்றையும் ஒரே கேள்வியால் தைத்துவிடுவார். பெருவின் தெற்குக் கடலோரத்து இகா பள்ளத்தாக்கின் திராட்சை ஏற்றுமதியை நான் வியந்து விளக்கியபோது இடைமறித்தார்.

"மழையே இல்லாத இடம் எண்டு நேற்றுச் சொன்னீர். பிறகு என்னண்டு தம்பி இவ்வளவு திராட்சை?"

"நிலத்தடி நீர், அக்கா."

"அப்ப பக்கத்து வீட்டுக் கிணறு?"

ஆறில்லாத, கிணற்றையே நம்பிய யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அது தானாக எழும் கேள்வி. தேடிப் படித்தோம். பெருந்தோட்டங்கள் ஆழ்துளைக் கிணறு இறக்கிய இடங்களில் சிறு விவசாயிகளின் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. அக்கா, தான் அட்டை மூடியில் வரைந்திருந்த வரைபடத்தில், இகாவின் மேல் நீலப் பேனாவால் ஒரு சிறு வட்டமிட்டார்.

"இன்டர்வியூல இதைப் பேசிடாதீங்க அக்கா. அவங்களுக்குச் சரக்குதான் வேணும்," என்றேன்.

"பயப்பிடாதையும். வாயைப் பூட்டித் திறப்பை உம்மட்டையே தாறன்," என்று சிரித்தார்.

பூட்டவுமில்லை, சாவியைத் தரவுமில்லை. இகாவில் கொள்முதலை இரட்டிப்பாக்கலாமா என்று மேலாளர் கேட்டபோது, கிணறுகளைச் சொல்லி, ஆற்றுப் பாசனமுள்ள வடக்குப் பள்ளத்தாக்குகளில் வாங்கலாம் என்றிருக்கிறார். இடம் வேறொருவருக்குப் போயிற்று. மகளை நினைத்திருக்கலாமே என்று கடிந்துகொண்டேன்.

"அவளை நினைச்சுத்தான் சொன்னனான். அங்கையும் ஒரு பிள்ளை வாளியோட நிக்குமெல்லே?" என்றார். அன்று மதியம் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துப் போனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு ஷார்ஜாவில் வேறு வேலை கிடைத்து, மகளும் வந்து சேர்ந்தாள். அந்தக் கொள்முதல் இருக்கையில் இப்போது நான். ஒப்பந்தம் எது வந்தாலும், விலைக்கு முன்பாக, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதுகிறேன். நான் மறுக்கும் தோட்டத்தில் கூலி இழப்பவரும் இருப்பார், அது உறுத்தாமலில்லை. ஆயினும், பதில் வராத ஒப்பந்தத் தாள்களை அந்த மூடியின் அடியில், நீல வட்டத்துக்குக் கீழே, கையெழுத்திடாமல் வைத்துவிடுகிறேன்.