பச்சை பிடித்த நான்கு தொட்டிகள்

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

வீடு வேப்பம்பட்டில். காலை வண்டியில் கிளம்பி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு மூட்டையாகப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். ஆராய்ச்சி மாணவி என்றால் வெள்ளைக் கோட்டும் ஏசி அறையும் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது ஒரு தகரக் கொட்டகையும் எட்டுத் தொட்டிகளும்.

ஒவ்வொரு தொட்டியும் ஒரு சின்ன ஏரி. சேறு, பாசி, நத்தை, கெண்டைக் குஞ்சு எல்லாவற்றையும் எட்டிலும் ஒரே அளவாகப் போட்டிருந்தோம். நான்கில் வெறும் ஏரித் தண்ணீர். மற்ற நான்கில், தொழிற்பேட்டையைத் தொட்டு வரும் கால்வாயின் தண்ணீரையும் கலந்திருந்தோம். நிஜ ஏரியில் மீன் செத்தால் வெயில் என்பார்கள், மழை என்பார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தொட்டியில் அந்த மழுப்பல் நடக்காது. மழைக்கு முன் ஓர் அளவு, மழை முடிந்ததும் ஓர் அளவு எடுத்து இரண்டு வகையையும் ஒப்பிட்டால், கால்வாய்த் தண்ணீர் என்ன செய்கிறது என்று அடித்துச் சொல்லிவிடலாம். கால்வாய்க்கரைத் தெரு ஒன்று, உடம்பெல்லாம் அரிக்கிறது, குடித்த மாடு படுத்துக்கொள்கிறது என்று மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். எங்கள் தொட்டிகள்தான் அந்த ஆதாரம்.

கொட்டகையில் பம்பு போட்டு, தண்ணீர் மட்டம் பார்த்து, காவலும் இருந்த அந்த ஆள் அதே தெருக்காரர். அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கம் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். இவர் இருபது வருடம் இரும்பு மில்லில் உழைத்துவிட்டு ஒப்பந்த ஆளாக இங்கே வந்திருந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு மேடம் காவலு? பாசிய எவன் திருடிக்கினு போவப்போறான்?" என்று வந்த அன்றே கேட்டார்.

"சொன்னதைச் செய்யுங்க" என்றேன்.

இன்னொரு நாள் எதில் கால்வாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று கேட்டார். தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கை தன்னையறியாமலே ஓரவஞ்சனை செய்யும். அதனால் தொட்டிகளில் வெறும் எண்கள்தான். எந்த எண்ணில் எந்தத் தண்ணீர் என்ற பட்டியல் என் பையில் இருந்தது. இதை நல்லபடியாகவே சொல்லியிருக்கலாம். "அது உங்க வேலை இல்லை" என்றேன். அவர் வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

அதிலிருந்து சண்டைதான். என் நாற்காலியில் ஈரக் கோணியைக் காயப்போடுவார். அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தை நிமிடக் கணக்காகக் குறித்து நான் கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவரை அண்ணா என்றோ ஐயா என்றோ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பேன், அவ்வளவுதான்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஆயுத பூஜைக்கு நான்கு நாள் விடுமுறை. நானும் வீட்டில் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்துப் பொரி தின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அந்தப் பண்டிகைக்குத் தேய்த்துக் கழுவாத மிஷினே இருக்காது. கழுவாமல் விட்டால் அந்த மிஷினில் நிற்பவனுக்குத்தான் அவமானம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் உறைக்கவில்லை.

விடுமுறை முடிந்து போனபோது கேட்டருகே பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பம்புக்கு மாவிலை கட்டி, தொட்டி விளிம்புகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. நான்கு தொட்டிகளின் உட்சுவர் புதுத் தொட்டி போலப் பளபளத்தது. தண்ணீர் மேல் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான்கும் ஏரித் தண்ணீர்த் தொட்டிகள்.

"யாரு கழுவச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஆயுத பூஜைக்குக் கழுவ ஆர்டரா போடுவாங்கோ?" அவர் குரலில் பெருமை இருந்தது. "அந்த நாலு தொட்டி நல்லா க்ளீனா கீது, அத்தத் தொடவேயில்ல. இந்த நாலுதான் பச்ச புடிச்சி, நத்த ஏறி, நாறிக்கினு கெடந்துச்சி. ரெண்டு நாளு தேச்சேன் மேடம். முதுகு உட்டுப்போச்சி."

"யோவ், பச்சையா இருந்த நாலும்தான்யா உயிரோட இருந்துச்சு!" என்று கத்தினேன். "நீ க்ளீனா இருக்குன்னு விட்டியே, அதுலதான் உங்க கால்வாய்த் தண்ணி. பாசிகூட மொளைக்காம செத்துக் கெடக்கு. இப்ப எட்டும் செத்தாச்சு. உங்க தெருவுக்காகப் பண்ணதுய்யா இது. கெடுத்துட்டியே!"

என் அப்பா வயது அவருக்கு. மிதந்த மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க தெருவுக்கா?" என்றார். பிறகு, "அத்த ஒரு வாட்டி சொல்லியிருந்தா, ஒரு காக்கா வந்து மூக்க நனைக்க உட்டிருப்பேனா மேடம்?"

எது எது என்று சொல்லக் கூடாது என்பதுதான் விதி. எதற்கு என்று சொல்லக் கூடாது என எந்த விதியும் இல்லை. அது என் திமிர். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது, தெரிந்ததாலேயே அவரை இன்னும் வெறுத்தேன்.

மாலையில் பேராசிரியர் வந்தார். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல தண்ணியிலயும் மீன் செத்திருக்கு. மழைக்கப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் மிச்சமில்லை. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. முடிவு எட்டப்படலைன்னு எழுதி அனுப்பிடலாம்" என்றார். "மறுபடி முதல்லேர்ந்து பண்ண எவனும் அனுமதி தரமாட்டான்."

அந்தத் தெருவின் மனு அத்தோடு முடிந்தது. காவல்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, வேலையை எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சவும் இல்லை.

பேராசிரியர் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். சோதனை நின்றுபோனதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கவனக்குறைவு என்று எழுதினேன். யாருடையது என்று அடுத்த கட்டம். அங்கே கதவோரம் நின்றவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.