இடதுகை ஓட்டை

பகாமாஸின் தெற்குக் குடாவில் ஐஸ்லின் மாக்ஸியின் கடை என்றால் ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு வாளி எலுமிச்சை. இருபத்தாறு வருடமாகச் சங்குச் சதையைப் பச்சையாக நறுக்கி, மிளகாயைப் போட்டுப் பிசறிக் கொடுக்கிறாள். ஆரம்பத்தில் ஒரு சங்கில் இரண்டு கிண்ணம் வந்தது. இப்போது ஒரு கிண்ணத்துக்கு மூன்று சங்கு. மிளகாய் மட்டும் சிறுக்கவில்லை.

"குடாவ மூணு வருஷம் சங்கெடுக்காம மூடணும்" என்று அவள் சொன்னதும் ஊரே சிரித்தது. மூடினால் முதலில் அடி அவளுக்குத்தான். மோட்டார் படகுக்காரர்கள் வேறு குடாவுக்குப் போய்விடுவார்கள். மூடாவிட்டாலோ, பலகையை விறகாக்க வேண்டியதுதான்.

சர்ச் கூடத்தில் கூட்டம். நாற்பது வருடமாக முங்கிச் சங்கெடுக்கும் கேப்டன் ஸ்டப்ஸ், அவளுடைய அக்காள் புருஷன், எழுந்தார்.

"சங்கு எப்பவும் இதே சைஸ்தான். இவ கை பெருத்துப்போச்சு, அதான் சங்கு சிறுசாத் தெரியுது!"

கூடம் குலுங்கியது. "கடலை நிரப்பினவர் மறுபடியும் நிரப்புவார்" என்றார் போதகர். அள்ளுகிறவர்களிடம் மோட்டார் இருப்பதை நிரப்புகிறவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஐஸ்லின் ஒரு சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தாள். படகுத்துறையில் காலங்காலமாகச் சங்கு ஓடு கொட்டும் மேட்டின் அடியை மூன்று நாள் தோண்டி எடுத்தவை. ஒவ்வொன்றும் மனிதத் தலை அளவு.

"இந்த ஓட்டை யார் போட்டது, அத்தான்?"

சதையை உருவ, சங்கின் உச்சியில் சுத்தியலால் ஓட்டை போடுவார்கள். வலதுகைக்காரர் போடும் ஓட்டை வலப்பக்கம் சாயும். துறையிலேயே இடதுகைக்காரர் கேப்டன் ஒருவர்தான். இவை எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"என்னோடதுதான்... ஏதோ அதிசயமா ஒண்ணு சிக்கியிருக்கும்."

"சாக்கு நிறைய அதிசயமா? இது நேத்து நீங்க எடுத்தது." அவள் நீட்டியது கைப்பிடிக்குள் அடங்கும் ஓடு. அதே சாய்வு.

"கேப்டன், இப்ப யார் கை பெருத்திருக்கு?" என்றது பின்வரிசை.

கேப்டன் ஒரு பெரிய சங்கை மடியில் வைத்துத் தடவினார். அவர் பொய் சொல்லவில்லை. வருடத்துக்கு ஓர் அரிசி அளவு குறைந்தால் யாருக்குத் தெரியும்? போன வருடத்துச் சங்கோடுதான் இந்த வருடத்துச் சங்கை ஒப்பிட்டார்.

கடைசியில் இடது கையைத் தூக்கினார். "மூடித் தொலைங்க. திறக்கறன்னிக்கு முதல்ல நான்தான் இறங்குவேன்." அவர் தூக்கியதும் மற்ற கைகளும் எழுந்தன.

மறுநாள் ஐஸ்லின் பலகையைக் கழுவிக் கவிழ்த்தாள். இனி மூன்று வருடம் வறுத்த மீன், கிடைத்தால். அக்காள் வீட்டு வாசலில் அந்தப் பெரிய சங்கு உட்கார்ந்திருந்தது. கேப்டன் யாரோ வெளியூர்க்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எங்க குடாவுல எப்பவுமே இந்த சைஸ்தான், தம்பி!"