நீலக்கோடும் கார்த் திறப்பும்

எங்கட வீட்டில கார் ஒண்டு, வேலைக்குப் போறவை ரெண்டு பேர். என்ர மனுசனுக்குத் தொழிற்சாலை, எனக்கு முதியோர் இல்லம். என்னைக் கொண்டுபோய் விட்டிட்டுப் போறதெண்டால் அவர் வெள்ளன எழும்பவேணும், அது நடவாது. ஹொல்ஸ்டெப்ரோ எண்ட எங்கட ஊரில குளிர்காலம் தொடங்க அவர் ஒரு சட்டம் போட்டார்: சைபருக்குக் கீழ போனால் கார் உமக்கு, மேல நிண்டால் எனக்கு.

தீர்ப்புச் சொல்லுறது அவர் பின்வளவில பூட்டின வானிலைக் கருவி. குசினியில வச்ச அதின்ர சின்னத் திரையில வெப்பநிலை சிவப்புக் கோடாய் ஓடும். அது லேசில சைபருக்குக் கீழ இறங்காது. இந்த ஊரில ஆளைக் கொல்லுறது காத்து. சைக்கிளில போய்ச் சேர, கை விறைச்சு, வேலையிடத்துக் கதவைத் திறக்கேலாமல் நிப்பன். சொன்னால், "ரெண்டு டிகிரி இருக்கு, இதென்ன குளிரே?" எண்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"உந்தக் கருவி சைக்கிள் ஓடுதே? காத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கோ!" எண்டு ஒருநாள் சத்தம் போட்டன். காத்தடிக்க உடம்புக்கு எவ்வளவு குளிருமோ, அதை நீலக்கோடாய்ப் போட்டுவிட்டார். பார்த்தால், நீலம் சிவப்போட ஒட்டிக்கொண்டு ஓடுது! "பாத்தீரே, வித்தியாசமில்லை" எண்டு ஒரு சிரிப்பு வேற.

பின்வளவில போய்ப் பாத்தால், அட கடவுளே, காத்து அளக்கிற கிண்ணத்தையும் கராஜ் சுவர் மறைப்புக்குள்ளதானே வச்சிருக்கிறார்! அது சுத்தவே இல்லை. அண்டைக்கே ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, அதைக் கூரைக்கு மேல பூட்டுவிச்சன்.

அடுத்தநாள் விடிய சிவப்பு ரெண்டில நிண்டுது, நீலம் மைனஸ் அஞ்சில. மனுசன் கார்த் திறப்பை மேசையில வச்சிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கெண்டால் அப்பிடி ஒரு சந்தோசம், ஒரு புளுகம்!

பிறகு நான் காரில வெளிக்கிட்டுப் போக, சந்திக்குக் கிட்ட அவர் மிதிக்கேலாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார். என்ர புளுகமெல்லாம் எங்க போச்சுதோ தெரியாது. நிப்பாட்டி, "ஏறுங்கோ" எண்டன். சைக்கிளை வேலியோட சாத்திப்போட்டு ஏறினார். மூக்குச் சிவந்து, கண்ணால தண்ணி ஓடுது. கையை ஊதிக்கொண்டு இருந்தவர், என்னைப் பாராமலே கேட்டார்:

"நீர் இவ்வளவு நாளும் இந்தக் காத்துக்குள்ளயோ போய் வந்தனீர்?"

"ஓம்" எண்டன். ஹீற்றரை அவற்ர பக்கம் திருப்பிவிட்டன்.

இப்ப அவர்தான் எனக்கு முதல் எழும்புறது. நீலக்கோட்டைப் பாத்திட்டு, காரைச் சூடாக்கி வச்சுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.